கடிக்கிற குழாய்

நான் கடைசியாக வேலை பார்த்தது திருப்பதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில். அங்கே குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் குடியிருப்பவர்கள் செல்போனில்தான் புகார் போடுகிறார்கள். வேலையை முடித்துவிட்டு நாங்கள் அதே போனில் காரணத்தைத் தொட்டால்தான் புகார் மூடும். பைப், வயர், மோட்டார், மற்றவை என்று கட்டம் கட்டமாக இருக்கும். "தெரியலைன்னு ஒரு கட்டம் வைங்கப்பா" என்று ஒருநாள் சொன்னேன். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "காரணம் தெரியாம எப்படிண்ணா ரிப்பேர் பண்ணுவ?" என்று ஒருத்தர் கேட்டார்.

பண்ணியிருக்கிறேன். ரிப்பேர் ஆகியும் இருக்கிறது. எதனால் ஆனது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். அந்தக் கதையை அவர்களிடம் சொன்னபோது பாதியில் யாரோ கூப்பிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் ஆந்திராவில் நாகலாபுரம் பக்கம், தமிழ்நாட்டு எல்லையோரம். நைனாவுக்கு அடுத்தவர் கழனியில் கூலி வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பத்தாவது தேறாமல் ரேணிகுண்டாவில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டினேன், வார்னிஷ் நாற்றத்திலேயே சோறு துன்னேன், அங்கே வந்துபோன ஒரு பிளம்பரோடு சுற்றிக் குழாய் வேலையும் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

தொண்ணூறுகளில் திருப்பதி வேறு மாதிரி ஆகத் தொடங்கியது. புது லே-அவுட்டுகளில் மாடி வீடுகள் எழும்பின. கட்டியவர்களின் பிள்ளைகள் அமெரிக்காவிலும் குவைத்திலும் இருந்தார்கள். அங்கிருந்து வரும்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு சாமான் சேரும். கீசர், வாஷிங் மெஷின், தானாக ஓடி தானாக நிற்கிற மோட்டார். கீழே வயதான ஒரு அம்மாவோ அப்பாவோ மட்டும் இருப்பார்கள். சில வீடுகளில் அதுவும் இல்லை, பூட்டுதான். இந்த வீடுகளையெல்லாம் மாதம் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துக்கொள்கிற வேலையைச் சலபதி சார் எடுத்திருந்தார். என்னைப் பட்டறையிலிருந்து தன்னோடு அழைத்துக்கொண்டார்.

சலபதி சார் தெலுங்குக்காரர். கட்டட வேலையில் மேஸ்திரிகளை மேய்த்துப் பழகியவர், ஆனால் குரலை உயர்த்த மாட்டார். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுவார். அந்தச் சுற்று முடியும்வரை நான் பையைத் திறக்கக்கூடாது. அப்புறம் வரிசை. முதலில் மேல் தொட்டி. மூடியைத் திறந்து பாசியைப் பார்த்து, மிதவை வால்வைக் கையால் தூக்கி, தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்து தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டி, மோட்டார். மோட்டார் ஓடும்போது அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்கச் சொல்வார். பிறகு சாக்கடைத் தொட்டியின் மூடியைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று பார்ப்பது. கடைசியில் எர்த் குழி. வீட்டு மின்சாரத்தில் கசிவு இருந்தால் ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குள் போவதற்காகக் கரியும் உப்பும் போட்டு ஒரு இரும்புக் குழாயைப் புதைத்திருப்பார்கள். அந்தக் குழி காயக்கூடாது. வெயில் காலத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றவேண்டும். யாரும் ஊற்ற மாட்டார்கள். அதன்மேல் தொட்டிச்செடியை வைத்திருப்பார்கள்.

அவர் கேட்கிற கேள்வியும் தனி. எந்த வீட்டிலும் "என்ன ஆச்சு?" என்று கேட்க மாட்டார். "எப்போ?" என்றுதான் கேட்பார். "என்ன ஆச்சுன்னு கேட்டா அவங்க நினைச்சதைச் சொல்லுவாங்க கோவிந்து. எப்போன்னு கேட்டா பார்த்ததைச் சொல்லுவாங்க" என்பார். வேலை முடிந்தபின் "சரியாயிடுச்சா?" என்று யாராவது கேட்டால், "இன்னைக்கு நல்லா இருக்கு" என்பார். எனக்கு முதலில் அது தப்பித்துக்கொள்கிற பேச்சாகத் தெரிந்தது.

ரேணிகுண்டா சாலைப் பக்கம் சரோஜம்மா வீடு எங்கள் சுற்றில் இருந்தது. கணவர் இல்லை. ஒரே மகன் ரவி அமெரிக்காவில். சரோஜம்மா தெலுங்கு, ஆனால் எங்களிடம் தமிழும் கலந்து பேசுவார். வீட்டு வேலைக்கு முனியம்மா இருந்தாள். அவள் எங்கள் நாகலாபுரம் பக்கத்துப் பெண், புருஷன் இல்லாதவள். பின்கட்டில் இரும்புக் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பாள். ஒரு மாதம் நாங்கள் போனபோது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்தக் குழா கடிக்குதுண்ணா."

"கடிக்குதா?"

"பாத்திரம் தேச்சிக்கினு இருக்கேன், குழாயைத் திருகுறேன், சுர்ருன்னு முழங்கை வரைக்கும் ஏறுது. தண்ணியே கடிக்குது."

டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. செருப்பைக் கழற்றி ஈரத்தில் நின்று குழாயைப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. சார் வந்து பிடித்தார். அவருக்கும் ஒன்றும் இல்லை. கீசரைப் போட்டுப் பார்த்தோம், மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தோம். குழாய் குழாயாகவே இருந்தது.

"எப்போம்மா கடிக்குது?" என்று சார் கேட்டார்.

"எப்பன்னு சொல்றது? கடிக்கும்போது கடிக்குது."

அடுத்த மாதமும் இதே கதை. அதற்கடுத்த மாதமும். நடுவில் சரோஜம்மா குழாயைத் தொட்டிருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காலில் எப்போதும் ரப்பர் செருப்பு இருக்கும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் நாங்கள் வெறுங்காலில் நின்றும் ஒன்றும் ஆகவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

ரவி ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது சரோஜம்மா இதைச் சொல்லியிருக்கிறார். எதையெல்லாம் மாற்றலாமோ மாற்றச் சொல்லுங்கள் என்று மகன் சொல்லிவிட்டார். மோட்டார் கேபிளை மாற்றினோம். ஸ்டார்ட்டரை மாற்றினோம். கீசருக்குள் இருந்த காயிலை மாற்றினோம். நல்லா இருந்ததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தோம். முனியம்மா கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். அப்புறம் மறுபடியும் கடிக்கிறது என்றாள்.

"அபத்தம் செப்துந்தி" என்றார் சரோஜம்மா என்னிடம். பொய் சொல்கிறாள் என்று. "பின்கட்டு வேலை செய்ய உடம்பு வளையல. உங்க ஊர்ப் பொண்ணுன்னு நீ அவளுக்கு ஒத்து ஊதாதே."

முனியம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "பொய் சொல்லி எனக்கு இன்னாம்மா கிடைக்கப் போவுது? மேஸ்திரி, நீயே சொல்லு, நான் பொய் சொல்றவளா?" என்று சாரைப் பார்த்துக் கேட்டாள்.

சார் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குப் புரியலம்மா" என்றார்.

வீட்டுக்காரர் முன்னால் இப்படி ஒரு மேலாள் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே வந்ததும், "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்றேன். "புரியலையே, வேற என்ன சொல்ல?" என்றார். எனக்கு எதை நம்புவது என்றே தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் நிஜம் போல் இருந்தது. என் கையை நம்பினால் பொய் போல் இருந்தது. பஸ்ஸில் போகும்போது சும்மா உட்கார்ந்திருக்கையில் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வேன், இதற்கு உணர்ச்சி செத்துவிட்டதோ என்று.

அந்தக் கோடையில் ரவி குடும்பத்தோடு வந்தார். அவருடைய மகள் சின்னப் பெண். அமெரிக்காவில் செருப்பு இல்லாமல் நடந்தே பார்க்காத குழந்தைக்கு இங்கே வெறுங்காலில் ஓடுவது விளையாட்டாக இருந்தது. நான் அங்கே இல்லை, முனியம்மாவும் சரோஜம்மாவும் தனித்தனியாகச் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். பின்கட்டில் குழந்தை மாம்பழம் துன்னுவிட்டுக் கையெல்லாம் சாறு வழியக் குழாய்க்கு ஓடியிருக்கிறது. முனியம்மா ஓடிப்போய் அதன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறாள். குழந்தை கல்லில் விழுந்து மோவாயில் கிழிந்து ரத்தம். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ரவியின் மனைவி அழுதிருக்கிறார். சரோஜம்மா முனியம்மாவை அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்.

சாருக்கு இது தெரிந்ததும் முதல்முறையாக வரிசையை மீறினார். அன்றைக்குப் பார்க்கவேண்டிய வீடுகளை விட்டுவிட்டு, "உங்க ஊருக்குப் போற பஸ் எப்போ?" என்று என்னைக் கேட்டார்.

முனியம்மா கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை. சார் வரப்பில் குந்தி உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் மண் ஒட்டியது.

"கடிக்காத நாள் எது? அதைச் சொல்லு" என்றார்.

அவள் அடுத்த களையை வெட்டி எறிந்தாள். "நீங்க வர்ற நாள்" என்றாள்.

"என்னைக் கேலி பண்றியா?"

"கேலி இன்னாத்துக்கு? நிஜமாத்தான். நீங்க வந்தா கடிக்காது. அதான் எனக்கும் எரிச்சல்."

"நாங்க வர்ற அன்னைக்கு வீட்டுல என்ன நடக்கும்?"

"இன்னா நடக்கும்? மேஸ்திரி வர்றாரு, வாசல் பின்கட்டு எல்லாம் தண்ணி வுட்டுக் கழுவுன்னு அம்மா சொல்லும். கழுவுவேன். மத்த நாள்ல பெருக்கறதோட சரி."

சார் எழுந்துவிட்டார். எர்த் குழி பின்கட்டு மூலையில் இருந்தது. கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். நாங்கள் வருவதற்கு முன்னால் எங்களுக்காகவே குழியை நனைத்து வைத்திருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். ஈரம் இருந்தால் கசிவு மண்ணுக்குள் போய்விடும். காய்ந்த நாளில் அது குழாயில் நிற்கும், அவள் கையில் ஏறும்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கண்டுபிடிச்சாச்சு சார்" என்றேன். அவர் பஸ் நிற்கிற பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனோம். பின்கட்டு காய்ந்து கிடந்தது. டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். எரிந்தது. சார் டெஸ்டரை நம்ப மாட்டார், சும்மாவே சில நேரம் எரியும் என்பார். அவரிடம் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பு ஒன்று, இரண்டு வயரோடு இருக்கும். கரண்ட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே அதைக் கொடுத்தால் எர்த் நன்றாக இருந்தால் பளிச்சென்று எரியவேண்டும். மங்கலாக எரிந்தது. எர்த் செத்திருந்தது. அடுத்து ஒரு வயரைக் குழாயிலும் இன்னொன்றை வெளியே ஈர மண்ணில் அடித்த கம்பியிலும் வைத்தார். பல்பின் உள்ளே இழை சிவப்பாகத் தெரிந்தது.

சரோஜம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எர்த் கெட்டதால அது போகல. சரி. வர்றது எங்கேயிருந்து?" என்று கேட்ட சார், மெயினை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். வீடு முழுக்க விசிறி நின்றது. வந்து பார்த்தால் பல்பில் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது.

கரண்ட்டே இல்லாத வீட்டில் குழாயில் கரண்ட். நான் ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போதும் இருந்தது. நானும் சாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் நெற்றியில் வேர்வை. நாங்கள் இப்படி நிற்கும்போதே பல்பு அணைந்தது. யாரும் எதையும் தொடவில்லை. எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஃபியூஸ் கட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

"பக்கத்து வீட்டு மோட்டார் நின்னுடுச்சு" என்றார் சரோஜம்மா, சாதாரணமாக.

"பக்கத்து வீடு பூட்டியிருக்கே?"

"பூட்டினா என்ன? அது தானா ஓடும், தானா நிக்கும். தினமும் கேக்கறேனே."

சார் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வீடும் ஒரே சமயத்தில், ஒரே போர்வெல் தண்ணீரில் கட்டினவை. பின்னால் ஆளுக்கொரு போர் போட்டுக்கொண்டார்கள். இரண்டு வீட்டையும் இணைத்துச் சுவருக்கு அடியில் போன பழைய இரும்புக் குழாயை யாரும் வெட்டவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் குவைத்தில். சாவி சித்தூரில் இருக்கிற மைத்துனரிடம்.

சித்தூருக்கு நான் போனேன். மாங்கூழ் ஃபேக்டரியில் மும்முரமான சீசன். மைத்துனர் கையெல்லாம் மஞ்சளாக வெளியே வந்து நான் சொன்னதைக் கேட்டார். "பூட்டின வீட்டுலேர்ந்து கரண்ட் சுவரைத் தாண்டிப் போகுதா? யார்கிட்ட கதை விடற?" என்றார். சாவி கேட்டு வந்த ஆளைச் சந்தேகப்பட்டது அவர் தப்பில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது கதை போலத்தான் இருந்தது. கடைசியில், "அந்தப் பக்கத்து வீட்டுல ஒரு குழந்தை இருக்கு சார்" என்றேன். அவர் போய்க் கையைக் கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு சாவியோடு என்கூடவே பஸ் ஏறினார்.

உள்ளே போனால் எலிப் புழுக்கை. குளியலறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிச் சொட்டி மேல்தொட்டி இறங்கும், தானியங்கி மோட்டாரைப் போடும், தொட்டி நிறையும், நிற்கும். யாருமில்லாத வீட்டில் இது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மோட்டார் கேபிளை எலி கடித்துச் செம்பு வெளியே தெரிய, அது இரும்புக் குழாய்மேல் படுத்திருந்தது.

அன்றைக்கே கேபிளை மாற்றினோம். சுவருக்கு அடியில் தோண்டிப் பழைய குழாயை வெட்டி இரண்டு பக்கமும் மூடினோம். சரோஜம்மா வீட்டில் புதிதாக எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, புதுக் குழாயை இறக்கினோம். பல்பு பளிச்சென்று எரிந்தது. குழாயில் வைத்தால் செத்தது போல் இருந்தது.

இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் மைத்துனர் பூட்டும்போது ஒன்று சொன்னார். அவர் அக்கா குடும்பம் குவைத் போனது சங்கராந்திக்கு அப்புறம். முனியம்மா முதலில் என்னிடம் சொன்னது கார்த்திகையில், நல்ல மழைக் காலத்தில். அப்போது அந்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், கசிந்திருந்தால் அவர்களைத்தான் முதலில் கடித்திருக்கும். குழியும் காய்ந்திருக்க வழியில்லை. அப்படியென்றால் அன்றைக்குக் கடித்தது எது? நாங்கள் மாற்றிப் போட்ட பழைய கேபிளா? கீசர் காயிலா? சாரிடம் கேட்டேன்.

"தெரியல கோவிந்து. இன்னைக்கு இல்லை. அவ்வளவுதான் சொல்லமுடியும்" என்றார். இந்த முறை அது தப்பித்துக்கொள்கிற பேச்சாகத் தெரியவில்லை.

முனியம்மாவைத் திரும்பக் கூட்டிவர நான் இரண்டாம் தடவை போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் முழுசும் கேட்டாள்.

"அப்போ நான் சொன்னது நிஜம்."

"நிஜம்."

"இனிமே கடிக்காதா?"

கடிக்காது என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கார்த்திகை நினைவுக்கு வந்துவிட்டது. "இப்போ இல்லை" என்றேன்.

"உங்க பேச்சே இப்படித்தான்" என்றாள். "பொய் சொல்றேன்னு சொல்லிச்சே அந்தம்மா, அது செருப்பைக் கழட்டிட்டு ஈரத்துல நின்னு குழாயைப் பிடிச்சிக் காட்டட்டும். அப்புறம் வர்றேன்."

இதைப் போய் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். சொன்னேன். ரவி, "அதெல்லாம் வேண்டாம், வேற ஆள் பார்க்கலாம்" என்றார். சரோஜம்மா, "அவளை வரச் சொல்லு" என்றார்.

முனியம்மா வந்து பின்கட்டுப் படியில் நின்றாள். கீழே இறங்கவில்லை. சரோஜம்மா ரப்பர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். ஒரு சொம்புத் தண்ணீரைத் தன் காலடியிலேயே ஊற்றிக்கொண்டார். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தார்.

"சூடு" என்றார் தெலுங்கில், அவளைத் திரும்பிப் பார்த்து. பார்த்துக்கொள் என்று.

தண்ணீர் கொட்டியது. அந்த அம்மாவின் கால் விரல்கள் வெளுத்து, சுருங்கி, ஈரக் கல்லில் ஊன்றியிருந்தன. எல்லாவற்றையும் தட்டிப் பிடித்துப் பார்த்தவன் நான்தான், பல்பை வைத்துப் பார்த்தவன் நான்தான். ஆனாலும் என் மூச்சு நின்றிருந்தது. சாரைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டின வீட்டில் மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. சரோஜம்மாவுக்கும் கேட்டது. கையை எடுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

முனியம்மா படியிலிருந்து குதித்தாள். செருப்பு இல்லாமல், ஈரத்தில், ஓடிவந்து அந்த அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குழாயிலிருந்து பிய்த்து எடுத்தாள்.

"போதும்மா, வுடு. வுடு கையை" என்று அழுதாள்.

இரண்டு பேரும் ஈரத்தில் நின்றார்கள். அவள் மணிக்கட்டை விடவில்லை, சரோஜம்மாவும் இழுத்துக்கொள்ளவில்லை. திறந்து கிடந்த குழாயை மூட நான் போகவேண்டும். என் கை உடனே நீளவில்லை.